பவுன் என்டர்பிரைசஸின் உரிமையாளர்

தொண்ணூற்று நாலாம் வருஷம் தசரா முடிந்த கையோடு கோவிந்தராஜ் ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் கொண்டுவந்து மனைவியின் கையில் வைத்தான். பவுன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள். தன் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அவள் பெயர்தான். அதற்குப் பின்னால் என்டர்பிரைசஸ் என்று ஒரு வால் இருந்தது.

"இன்னா இது?"

"உம் பேருல கம்பெனி. கவர்மென்ட் உத்தியோகத்துல இருக்கறவன் வேற தொழில் பண்ணக்கூடாது. அதனால நீதான் ஓனரு. நா காட்ற எடத்துல கையெழுத்து போடு, போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. புணேயில், கட்கி குவார்ட்டர்ஸில் குழாயடிச் சண்டைக்குக்கூடப் போகாதவள் அவள். அன்று சாயந்திரம் பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "நா இப்ப ஓனரம்மா" என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கோவிந்தராஜுக்கு ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. அவனுடைய அப்பா குடியாத்தத்திலிருந்து வந்து அதே தொழிற்சாலையில் சேர்ந்து, அதே குவார்ட்டர்ஸில் இருந்து ரிடையர் ஆனவர். கோவிந்தராஜ் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஹடப்சரைத் தாண்டி, சோலாப்பூர் ரோட்டிலிருந்த கன்டெய்னர் டிப்போவுக்குப் போய்விடுவான். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் செய்த இயந்திரங்கள் அங்கே லாரியில் வந்து இறங்கும். கப்பல் கம்பெனியின் இரும்புப் பெட்டிக்குள் அவற்றைத் தள்ளி, சங்கிலியாலும் கம்பிக் கயிற்றாலும் இழுத்துக் கட்டி, நகராதபடி அடியில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து ஆணி அறைய வேண்டும். பிறகு பெட்டியைப் பூட்டி முத்திரை வைத்து, மலை இறக்கி, நாவாசேவா துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டுகிற வேலைதான் பவுன் என்டர்பிரைசஸின் வேலை. வேலையாட்களுக்கு முக்காதம், அதாவது மேஸ்திரி, அப்துல் காதர். ஆம்பூர்க்காரர். ஏரவாடாவில் குடியிருந்தார்.

தொழில் நன்றாகவே போனது. வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. மகள் மல்லிகாவை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினார்கள். பவுன் டிப்போ எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பார்த்ததில்லை. புருஷன் பேப்பரை நீட்டுவான், விரலால் இடத்தைக் காட்டுவான், அவள் கையெழுத்துப் போடுவாள்.

இரண்டாயிரமாவது வருஷம் ஒரு காலை வேளையில் கோர்ட் ஆள் வந்து கதவைத் தட்டினான். கோவிந்தராஜ் வேலைக்குப் போயிருந்தான். "பவுன் கோவிந்தராஜ் கோண்?" என்று மராத்தியில் கேட்டவன், அவள் தலையாட்டியதும் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அவளும் பழக்க தோஷத்தில் போட்டுவிட்டாள்.

காலேஜிலிருந்து வந்த மல்லிகா படித்துப் பார்த்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"அம்மா, உன் மேல கேஸ் போட்டிருக்காங்க. உன் பேர்லயேதான்."

மூன்று வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் ஹடப்சர் கம்பெனி ஒன்றின் பெரிய அச்சு இயந்திரத்தைப் பவுன் என்டர்பிரைசஸ் கட்டி அனுப்பியிருந்தது. ஆப்பிரிக்காவில் மொம்பாசாவுக்குப் போகிற வழியில், கடல் கொந்தளிப்பில், கட்டு அவிழ்ந்து இயந்திரம் பெட்டிக்குள்ளேயே உருண்டு நொறுங்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி சரக்குக்காரனுக்கு நஷ்டத்தைக் கொடுத்துவிட்டு, இப்போது இயந்திரத்தைக் கயிறு போட்டுக் கட்டினவர்களிடம் அதைக் கேட்டு வழக்குப் போட்டிருந்தது. கேட்டிருந்த தொகை, கோவிந்தராஜும் அவனுடைய அப்பாவும் சேர்ந்து ஆயுசு முழுக்க வாங்கின சம்பளத்தை விடப் பெரியது.

சாயந்திரம் வந்த கோவிந்தராஜ் காகிதத்தைப் பார்த்தான். சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.  பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை:

"ஃபேக்டரிக்குத் தெரியக்கூடாது பவுனு. தெரிஞ்சா வேலை போயிடும், பென்ஷன் போயிடும், இந்த வூடும் போயிடும். நீதான் எல்லாத்தையும் பாத்துக்கினேன்னு சொல்லணும்."

"எனக்கு இன்னா தெரியும் அதப்பத்தி?"

"வக்கீல் சொல்லிக் குடுப்பாரு."

வக்கீல் ஸ்ரீவத்சனின் ஆபீஸ் கேம்ப் பகுதியில் ஒரு மாடியில் இருந்தது. சென்னையிலிருந்து வந்து புணேயிலேயே தங்கிவிட்டவர். நல்ல மனுஷர். பவுனையும் கோவிந்தராஜையும் எதிரில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, பொறுமையாகச் சொன்னார்.

"கப்பல்காரன் சரக்கை வாங்கிண்டதும் ஒரு பத்திரம் குடுப்பான். பின்பக்கத்துல எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. அதுல என்ன இருக்குன்னா, சரக்கு கெட்டுப்போனா ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். அதுக்கப்புறம் வந்தா செல்லாது. சரிதானே? அந்தப் பாதுகாப்பு கப்பல்காரனுக்கு மட்டும் இல்லை. சரக்கைக் கையாள அவன் வெச்ச கான்ட்ராக்டருக்கும் உண்டுன்னு போட்டிருக்கு. இவா கேஸ் போட்டதே ஏறக்குறைய மூணு வருஷம் கழிச்சு."

"அப்ப கேஸ் நிக்காதாங்க?"

"அங்கதான் சிக்கல். நீங்க கப்பல்காரன் வெச்ச ஆள்னு நான் சொல்றேன். இல்லை, சரக்குக்காரன் வெச்ச ஆள்னு அவா சொல்றா. சரக்குக்காரன் ஆள்னு ஆயிட்டா, அந்தக் குடைக்குள்ள உங்களுக்கு இடம் கிடையாது. இன்னொண்ணும் சொல்றா. தெரிஞ்சே அஜாக்கிரதையா கட்டினவனுக்கு அந்தப் பாதுகாப்பு எப்பவுமே கிடையாதுன்னு. அதனால கட்டு ஒழுங்கா இருந்ததுன்னும் நாம சொல்லணும். நீங்கதான் சொல்லணும்."

அவர் மேஜையில் மொம்பாசாவில் எடுத்த போட்டோக்கள் இருந்தன. வயிறு வீங்கினது போல ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்ற இரும்புப் பெட்டி. கதவைத் திறந்தபோது எடுத்தது இன்னொன்று. தரையில் இரும்புக் குப்பை மாதிரி கிடந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் குனிந்திருந்தார்கள். நடுவில் ஒருவன் படுத்திருந்தான்.

"இது யாருங்க?"

ஸ்ரீவத்சன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அங்கத்திய துறைமுகக் கூலி. கதவைத் திறந்ததும் உள்ளே சாஞ்சு நின்னது அப்படியே மேல விழுந்துடுத்து. காலை எடுக்கவேண்டி வந்ததாம். அது இந்தக் கேஸ்ல இல்லைம்மா. நமக்குச் சம்பந்தம் இல்லை."

பவுன் அந்தப் போட்டோவை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் கோவிந்தராஜ் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கை கோர்ட் தேதிகளில் நடந்தது. சிவாஜிநகர் கோர்ட் வராந்தாவில் போய் உட்காருவாள். பெயரைக் கூப்பிடுவார்கள். இன்னொரு தேதி கொடுப்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, ஜட்ஜ் லீவு, ஏதோ பேப்பர் பம்பாயிலிருந்து வரவில்லை. இப்படியே வருஷங்கள் போயின. டிப்போக்காரர்கள் கான்ட்ராக்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால், சொத்துத் தகராறு என்று சொல்லச் சொல்லியிருந்தான் கோவிந்தராஜ். வீட்டில் அவன் அவளுக்குப் பாடம் நடத்தினான். சங்கிலி எத்தனை, கம்பிக் கயிறு எந்தப் பக்கமாக வரும், கட்டையை எங்கே முட்டுக் கொடுப்பது. அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். தப்பாகச் சொன்னால் அவன் தலையில் அடித்துக்கொள்வான்.

ஒரு நாள் கட்கி பஜாரில் காய்கறி வாங்கும்போது அப்துல் காதர் எதிரில் வந்தார். வேறு டிப்போவில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். இளைத்திருந்தார். பவுன் அவரைக் கடையோரமாக நிறுத்திக் கேட்டாள்.

"காதர் பாய், அந்த மெசினு. ஒழுங்காத்தான் கட்டினீங்களா?"

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"ஒங்கள எதுலயும் இழுக்க மாட்டேன். எனக்குத் தெரியணும். கூண்டுல ஏறப்போறது நான்."

"பாபி, சங்கிலியெல்லாம் சரியாத்தான் போட்டோம். கட்டைதான் பத்தல. பாதிகூட இல்ல. நா சொன்னேன், நாளைக்கு கட்டை வந்ததும் அடிச்சு அனுப்பலாம்னு. கப்பல் போயிடும்னு லாரிக்காரன் கத்தறான். அண்ணன் போதும்னுட்டாரு. அவரு போதும்னு சொன்னா நா இன்னா பண்ண முடியும்?"

"மழக்காலத்துல கடல் எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும் பாபி. எங்க எல்லாருக்கும் தெரியும்."

பவுன் வாங்கின காய்கறியைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கோவிந்தராஜிடம் கேட்டாள். அவன் மறுக்கவில்லை. கோபப்பட்டான்.

"ஆமா, கொறச்சலாத்தான் இருந்திச்சி. அதுக்கு இப்ப இன்னா பண்ணச் சொல்ற? கூண்டுல ஏறி எம் புருஷன் கொலகாரன்னு சொல்லப்போறியா? சொல்லு. சொல்லிட்டு இந்த வூட்ட விட்டு எங்க போவ? மல்லிகா கல்யாணத்த யாரு பண்ணுவாங்க?"

"அந்த ஆளுக்குக் கால் போயிடுச்சி."

"எந்த ஆளுக்கு?"

அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இத்தனை வருஷம் கூடப் படுத்து எழுந்தவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. 

கூண்டில் ஏறினது இரண்டாயிரத்து மூன்றில், மே மாத வெயிலில். ஜட்ஜ் ஒரு வயதான பெண்மணி. மராத்தியில் அன்பாகத்தான் பேசினார். சத்தியம் செய்யச் சொன்னார்கள். பவுன் செய்தாள். ஸ்ரீவத்சன் கேட்டதற்கெல்லாம் சொல்லிக் கொடுத்தபடியே பதில் வந்தது. கம்பெனி என்னுடையது. டிப்போக்காரர்கள் கப்பல் கம்பெனிக்காக வேலை கொடுத்தார்கள். சரக்குக்காரரை நான் பார்த்ததே இல்லை. கடைசி வரிசை பெஞ்சில், யூனிஃபார்மை மாற்றிச் சாதாரணச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்த கோவிந்தராஜ் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. அந்தப் போட்டோவை அவள் கையில் கொடுத்தார்.

"இந்த இயந்திரத்தைக் கட்டும்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

இருந்தேன் என்று சொல்ல வேண்டும். வீட்டில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். பவுன் போட்டோவைப் பார்த்தாள். படுத்திருந்தவனின் முகம் தெரியவில்லை. பக்கத்தில் குனிந்திருந்தவனின் கை மட்டும் அவன் தலைக்கடியில் இருந்தது.

"இல்ல," என்றாள்.

ஸ்ரீவத்சன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் யார் இருந்தது?"

"எம் புருஷன். வேலையெல்லாம் அவருதான் பாத்தாரு. நா கையெழுத்து மட்டும் போட்டேன். கட்டை பத்தலன்னு தெரிஞ்சுதான் அனுப்பினாங்க. எனக்கு அது அப்பத் தெரியாது. இப்பத் தெரியும்."

அவள் இந்தியில் சொன்னதை ஜட்ஜ் ஆங்கிலத்தில் டைப்பிஸ்ட்டுக்குச் சொன்னார். தட்டச்சுச் சத்தம் ஓய்ந்தது. பவுன் பின்னால் திரும்பிப் பார்த்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

வெளியே வந்து ஸ்ரீவத்சன் கடிந்துகொள்ளவில்லை. "ஏன்மா?" என்று மட்டும் கேட்டார். பவுன் வீட்டுக்குப் போகப் பயந்து கோர்ட் வாசல் மரத்தடியிலேயே வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தாள். மல்லிகா வந்துதான் கூட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதமே எதிர்த்தரப்பு கோவிந்தராஜையும் கேஸில் சேர்த்தது. அவனுக்கான நோட்டீஸ் தொழிற்சாலை விலாசத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆபீஸில் கூப்பிட்டு விசாரித்தார்கள். முதலில் சஸ்பென்ஷன். அப்புறம் விசாரணை, விளக்கம், மறுவிளக்கம். கடைசியில் வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். பென்ஷன் கிடையாது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தபோது ஃபிரிட்ஜை இறக்க உதவிக்கு வந்தவர் அப்துல் காதர் ஒருவர்தான். ஏரவாடாவில், அவர் பார்த்துக் கொடுத்த ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள்.

கோவிந்தராஜ் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டான். சோறு போட்டால் சாப்பிடுவான். எதையாவது கேட்டால் மல்லிகாவைப் பார்த்துப் பதில் சொல்வான். மகர்பட்டாவில் புதிதாக எழும்பின கட்டடம் ஒன்றின் கேட்டில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. நீல யூனிஃபார்மும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மகள் வயதுப் பிள்ளைகளின் காருக்கு சல்யூட் அடித்தான். மல்லிகா படிப்பை நிறுத்தி ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். ஒரு தடவை, வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்:

"நீ செஞ்சது கரெக்ட்தான்மா. ஆனா என்கிட்டயும் கேட்டிருக்கலாம் இல்ல?"

பவுன் அக்கம்பக்க வீடுகளில் சப்பாத்தி போட்டுக் கொடுக்கப் போனாள். மாவு பிசைகிற நேரத்தில் மட்டும் எதையும் நினைக்காமல் இருக்க முடிந்தது. அந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம், கேஸ் தோற்றால் இந்த அறையிலிருந்தும் எதை எடுத்துக்கொண்டு போவார்கள், தன்னை ஜெயிலில் போடுவார்களா, மல்லிகா சம்பளத்தில் கைவைப்பார்களா என்று மனசு சுற்றிச் சுற்றி அங்கேயே போய் நின்றது. ரயில் தண்டவாளத்தைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நடந்தாள்.

இரண்டாயிரத்து ஆறில் தீர்ப்பு வந்தது. சரக்கைப் புணே டிப்போவிலேயே கப்பல் கம்பெனி பொறுப்பேற்று வாங்கியிருக்கிறது. பவுன் என்டர்பிரைசஸ் அந்தக் கம்பெனிக்காக வேலை செய்த கான்ட்ராக்டர். பத்திரத்தின் பின்பக்க நிபந்தனைகள் அவளுக்கும் பொருந்தும். கட்டு எப்படி இருந்திருந்தாலும் ஒரு வருஷ வரம்பு தாண்டிப் போட்ட வழக்கு செல்லாது. தள்ளுபடி.

"ஜெயிச்சுட்டோம்மா," என்றார் ஸ்ரீவத்சன். அவர் முகத்தில் அத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சந்தோஷம் தெரிந்தது.

"நா சொன்னதுக்கு ஜட்ஜம்மா இன்னா எழுதியிருக்காங்க?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். தேடுகிற மாதிரிப் பாவனை செய்தார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"அதுக்குள்ள போகவேண்டிய அவசியமே இல்லைன்னு விட்டுட்டா. காலம் கடந்துடுத்துங்கற ஒண்ணே போதும்னு."

"அப்ப நா அன்னிக்கு இருந்தேன்னு சொல்லியிருந்தாலும்..."

"ஜெயிச்சிருப்போம்," என்றார் ஸ்ரீவத்சன். சொன்ன பிறகு சொல்லியிருக்கவேண்டாம் என்று நினைத்தவர் போல கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

பவுன் அதை அப்படியே புருஷனிடம் சொன்னாள். மறைக்க அவளிடம் தெம்பு இல்லை. கோவிந்தராஜ் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் பிரஷை அப்படியே பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அன்று வேலைக்குப் போகவில்லை.

பிறகு தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு பழைய தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. கேஸே இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்ட பிறகு வேலையைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்களா? கூட வா என்று அவன் கூப்பிடவில்லை. அவள் பின்னாலேயே போனாள். ஆபீஸில் இருந்த அதிகாரி இளவயதுக்காரர். தீர்ப்பை மரியாதையாக முழுக்கப் படித்தார். பிறகு மடித்துக் கொடுத்தார்.

"இது கப்பல் சரக்கு விஷயம், பெரியவரே. சரக்குக்கு நீங்கள் பொறுப்பா இல்லையா என்று சொல்கிறது. நீங்கள் வேலையில் இருந்துகொண்டே வேறு தொழில் செய்ததும், அதை மறைத்ததும்தான் இங்கே பிரச்சினை. அது இல்லை என்று இதில் எங்கேயும் சொல்லவில்லையே."

கோவிந்தராஜ் காகிதத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தான். கேட்டில் இருந்த பழைய சினேகிதன் ஒருவன் கையசைத்ததைக்கூட அவன் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் வரை விடுவிடுவென்று நடந்தான். பவுன் மூச்சிரைக்கப் பின்னால் வந்து பக்கத்தில் நின்றாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு நா பண்ணது பெரிய பாவம்தான்," என்றாள் பவுன். "அது எனக்குத் தெரியும். ஆனா இப்ப திரும்பக் கூண்டுல ஏத்திக் கேட்டாலும் அதேதான் சொல்லுவேன். வேற எதுவும் வாயில வராது."

மூன்று வருஷத்தில் முதல்தடவையாக அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"தெரியும் பவுனு. அதனாலதான் உங்கூட பேச முடியல."

ஏரவாடா பஸ் வந்தது. நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது. பவுன் உட்கார்ந்தாள். கோவிந்தராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் வந்தபோது இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே டிக்கெட் எடுத்தான்.